நிலப்பெயரும் குடிப்பெயரும்: நாட்டு மக்கட்பெயர் ஆக்கம் பற்றிய ஓர் ஆய்வு

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி தமிழில் நன்கு வேரூன்றியுள்ளது. டாக்டர் ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ 1946-இல் வெளிவந்தபின் அத்துறையில் நூல்களும் ஆய்வேடுகளும் பல தோன்றின. ஆனால் ஓர் ஊரில், ஒரு நாட்டில் வாழும் மக்களை அவ்வூர், அந்நாட்டுப் பெயரடியாக எவ்வாறு வழங்குகிறோம் என்னும் வினா அத்துணைக் கவனம் பெற்றதில்லை. விகுதி பற்றிய சிறு செய்தி என இலக்கண ஆசிரியர் இதனை ஒதுக்குவர். சொல் வரலாறு எழுதுவோர் ‘தமிழர்’ என்னும் ஒரு சொல்லோடு அமைவர். இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. பட்ட மேற்படிப்பு மாணவர் விடைத்தாள்களில் ‘இலங்கையர்’ என்பதும் ‘சிங்களர்’ என்பதும் ஒருபொருட் கிளவிகளாய் வருகின்றன. ‘மலாயர்’, ‘மலேசியர்’ என்பனவும் அவ்வாறே. நாளிதழ்கள் ஒரே பக்கத்தில் ‘கனடியர்’ என்றும் ‘கனடா நாட்டவர்’ என்றும் எழுதுகின்றன. பின்னது நடைவேறுபாடு, அதனாற் கேடில்லை. முன்னவை அத்தகையன அல்ல. இலங்கையர் எல்லாரும் சிங்களர் ஆகார். மலேசியர் எல்லாரும் மலாய் இனத்தார் ஆகார். இவ்வேறுபாட்டைத் தமிழ் உணர்த்தவல்லதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தொல்காப்பியர் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை எண்ணும்போது நிலப்பெயரை முதற்கண் வைத்து, அதனை அடுத்துக் குடிப்பெயரையும், அதன்பின் குழுவின் பெயரையும் வைத்தார். இம்மூன்றனையும் தனித்தனியே எண்ணியது கருதத்தக்கது. ஒருவன் பிறந்து வாழும் நிலம் வேறு. அவன் தோன்றிய குடி வேறு. அவன் உறுப்பாய் அமர்ந்த குழு வேறு என்பது ஆசிரியர் கருத்தாகும். உரையாசிரியர் நிலப்பெயர்க்கு அருவாளன், சோழியன் என்பனவற்றையும், குடிப்பெயர்க்கு மலையமான், சேரமான் என்பனவற்றையும், குழுவின் பெயர்க்கு அவையத்தார், அத்திகோசத்தார் என்பனவற்றையும் எடுத்துக்காட்டினர். எடுத்துக்காட்டுக்களை மாணவர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். இவ்விடத்து அவ்வாறு கடத்தல் கூடாது. நிலப்பெயர்க்குச் ‘சோழன்’ என்று காட்டாது ‘சோழியன்’ என்று காட்டியது ஏன்?

சோழன் என்பது அரசக் குடியைச் சுட்டும் பெயர். சோழியன் என்பது சோழநாட்டில் வாழ்வானைச் சுட்டும் பெயர். இவ்விரண்டனையும் பிரித்துக் காட்டுவது இடையே நிற்கும் ‘இய்’ என்னும் உறுப்பே. இப்பிரிவு உரையாசிரியர் தாமே படைத்துக்கொண்டதன்று. புறநானூற்றில் 394ஆம் பாட்டாற் பாடப்பெற்றவன் சோழிய ஏனாதி திருக்குட்டுவன் எனக் குறிக்கப்படுகின்றான். குட்டுவன் என்பது சேரர் குடியிற் பயிலும் பெயர். ஏனாதி என்பது படைத்தலைமை பற்றிய சிறப்புப் பெயர். சேரர்க்குரிய பெயருடையான் ஒருவன் சோழநாட்டு ஏனாதியாய் இருந்தான் என்பது இதனாற் பெறப்படும். அவனைச் சோழ ஏனாதி என்றிருப்பின் குடி மயங்கும்; சோழிய ஏனாதி என்றமையால் மயக்கம் நீங்கிற்று. சோழிய வேளாளர் என்னும் பிற்கால வழக்கும் இவ்வாறு நிலம் பற்றியதே.

எனினும் இஃது எல்லா நாடுகட்கும் ஒத்த விதியன்று. பாண்டி என்பதே நாட்டின் பெயராயும் நின்றமையால், பாண்டியன் என்னும் ஒரு வடிவே குடியையும் நிலத்தையும் சுட்டக்கூடியதாயிற்று. அங்கு வேற்றுமை காட்டப் ‘பாண்டிநாட்டார்’ என விரித்தே சொல்ல வேண்டும். தமிழில் இத்தகைய வேறுபாடு உணர்த்தும் வாயில் உண்டு, அஃது எப்போதும் பயன்படுத்தப்படவில்லை என்ற அளவிலேயே கூறுதல் பொருந்தும்.

இனி, ஆக்க முறையை நோக்குவோம். அர் விகுதி நேரே சேரும்போது மகர ஈற்று நாட்டுப்பெயர் ‘அம்’ கெட்டு நிற்கும்: கலிங்கம், கலிங்கர், கொங்கணம், கொங்கணர். உகர ஈறு கெடும்: கொங்கு, கொங்கர். இகர ஐகார ஈறுகள் யகர உடம்படுமெய் பெறும்: பூழி, பூழியர், தொண்டை, தொண்டையர், இலங்கை, இலங்கையர். ஈழம் என்பது ஈழர் ஆகாது வகரம் பெற்று ஈழவர் ஆயிற்று; சிங்களம் என்பது சிங்களர், சிங்களவர் என இருநிலையும் எய்தும். ஆகார ஈறே பலபடப் புணர்வது. அருவா என்பது அருவாளர் ஆயிற்று. இதனை ளகரம் தோன்றியது எனக் கொள்வாரும் உளர்; ஆள் என்னும் சொல்லை உட்கொண்டது எனக் கொள்ளுதலே எனக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது. மலையாளர் என்பதனையும் உடன்வைத்து நோக்குக.

தற்கால நாட்டுப்பெயர்களிற் பெரும்பாலன ஆகார ஈற்றன. அவற்றுள் ஈறு கெட்டு அர் பெறுதலே பெருவழக்கு: இந்தியர், அமெரிக்கர், உருசியர், கியூபர். இவ்வாறாயின் கனடா என்பது ‘கனடர்’ ஆதல் வேண்டும். அவ்வாறு எழுதுவார் ஒருவரையும் கண்டிலேன். கன்னடர் என்பதோடு செவியில் மயங்கும் என்னும் அச்சமே காரணம் போலும். ஆகவே கனடியர் என்றும், ஈழத்தமிழர் வழக்கிற் கனேடியர் என்றும் ஆயிற்று. பின்னது ஆங்கில ஒலிப்பைத் தழுவியது. ஜெர்மனி என்பது ஜெர்மனியர் ஆக வேண்டியது. ஜெர்மானியர் என நீண்டமைக்கு இலத்தீனத்து நாட்டுப்பெயராகிய செர்மானியா காரணம் ஆகலாம். பிரித்தானியர் என்னும் வடிவின் ஒப்புமையும் துணைசெய்திருக்கும். ஆங்கிலேயர் என்பதில் உள்ள ‘ஏய’ காங்கேயன், கௌந்தேயன் என்னும் வடமொழி மரபுப்பெயர்களை நினைவூட்டுவது. கங்கையின் மகன், குந்தியின் மகன் என்பன போல வழிவந்தோர் என்னும் குறிப்பினது. பிரான்சு நாட்டாரை மட்டும் நாட்டின் பெயரால் அன்றி மொழியின் பெயராற் பிரெஞ்சுக்காரர் என்கிறோம். இவை ஓர் ஒழுங்கில் அடங்கா. பல வாயில்கள் வழியே, பல காலத்து, பலர் கொணர்ந்த சொற்களை ஓர் ஒழுங்கில் அடக்க முயல்வதும் வேண்டா.

‘இயர்’ என்னும் விகுதி பற்றி ஒரு கண்டனம் உண்டு. இந்தியர் என்பதில் இகரமும் யகரமும் நாட்டின் பெயர்க்கு உரியன. விகுதி அர் மட்டுமே. இதனை அறியாதார் ‘இயர்’ என்பதே விகுதி எனப் பிழைபடப் பிரித்துச் சப்பானியர், பாக்கித்தானியர், ஆப்கானியர் எனப் புனைந்தனர். இது வேற்றுமொழிச் சாயல் என்பர். பிழைபடப் பிரித்தல் நிகழ்ந்தது உண்மை. அதனால் இவ்வடிவம் தமிழ்க்கு அயலானது என்னும் முடிபு பெறப்படாது. சோழியன் என்பதில் அவ்வுறுப்பு நாட்டுப்பெயரின் பகுதியன்று. நிலத்துக்குரியான் என்னும் பொருள் தரும் இடைநிலையே ஆகும். ஆதலின் சப்பானியர் என்றல் சோழியர் என்றல் போல்வதே. வேற்றுமொழியிலிருந்து வந்து சேர்ந்ததும் நம் பழைய வடிவும் ஒன்றாய் ஒத்துப்போயின. ஒத்துப்போனதனாலேயே அவ்வடிவம் இத்துணை எளிதில் நிலைபெற்றது எனலாம்.

ஆர் விகுதியின் இயல்பு வேறு. அஃது அத்துச் சாரியை பெற்று நிற்கும்: ஈழத்தார், தமிழகத்தார். அர் சேரும்போது ‘அம்’ கெடுதலையும், ஆர் சேரும்போது ‘அம்’ அத்தாதலையும் உடன்வைத்துக் காண்க. வடிவில் மட்டும் இவை வேறுபடவில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ஊரார், நாட்டார், நகரத்தார் என வருவன ஊரில், நாட்டில், நகரில் வாழும் எல்லாரையும் குறியா. ஊரவை, நாட்டவை, வணிகர் அவை ஆகியவற்றுள் அமர்ந்து, நிலம் விற்கவும் இறையிலி செய்யவும் உரிமை பெற்றோரையே குறிக்கும். கல்வெட்டில் ‘ஊரார்’ என வந்துழி ஊர்மக்கள் எல்லாரும் எனப் பொருள் எழுதும் மாணவர் வரலாற்றையே பிறழ உணர்வர். உரையாசிரியர் குழுவின் பெயர்க்கு அவையத்தார் என ஆர் ஈற்றுச் சொல்லையே தேர்ந்தமை இதனோடு இயைந்து நிற்கிறது. நகரத்தார் என்பது இன்று ஒரு வணிக மரபினர்க்குப் பெயராய் நிற்றலும், நாட்டார் என்பது சில மரபினர்க்குப் பட்டமாதலும் இப்பழைய உரிமைப் பொருளின் எச்சங்களே. நாட்டார் பாடல் எனப் படிப்பறியா மக்களின் பாடலை இன்று சுட்டுகிறோம். நிலம் விற்கும் அவையினரைச் சுட்டிய சொல் அவ்வவையில் அமரும் உரிமை என்றும் பெறாதாரைச் சுட்டலாயிற்று!

பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் விடப் பெருகி நிற்பது ‘காரர்’. வடமொழிக் ‘கார’ என்பதனோடு இதனைத் தொடர்புபடுத்துவர். தொழில், உடைமை, இடம் மூன்றனையும் இஃது ஏற்கும்: பால்காரர், வீட்டுக்காரர், மதுரைக்காரர். தேனி நகரை அடுத்துக் குமுளி செல்லும் சாலையில் முல்லையாற்றங்கரையில் அமைந்த பழனிசெட்டிபட்டியில் வழங்கும் பேச்சினை ஈண்டுச் சான்றாகக் கொள்ளலாம். கம்பம் பள்ளத்தாக்கு முழுமைக்கும் இது பொருந்தும். ஊரின் பெயர் நீண்டது. இயற்பெயர், மரபுப்பெயர், குடியிருப்புப் பெயர் மூன்றும் அடுக்கி நிற்பது. அத்தகைய பெயரோடு அர் விகுதி சேராது. ‘பட்டியர்’ என்பார் இலர். பி.சி.பட்டி எனச் சுருக்கி, பி.சி.பட்டிக்காரர் என்பதே வழக்கு. அவ்வாறே தேனிக்காரர், போடிக்காரர், சின்னமனூர்க்காரர், கம்பத்துக்காரர். கம்பம் என்பதோடு அர் சேர்ப்பின் கலிங்கம் கலிங்கர் ஆனாற்போலக் ‘கம்பர்’ ஆகும். கம்பத்தார் எத்துணைப் பெருமிதம் உடையராயினும் அப்பெயரை ஏலார்.

இதே ஊர்களில் ஆர் விகுதி ஒருவர்க்கோ ஒரு குடும்பத்துக்கோ உரிய சிறப்புப் பெயராய் நிற்கிறது. ‘சின்னமனூரார் வந்தார்’ என்றால் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், அல்லது சம்பந்தம் செய்துகொண்ட குடும்பத்தார் என்பது பொருள். ‘சின்னமனூர்க்காரர் வந்தார்’ என்றால் அவ்வூரிலிருந்து யாரோ ஒருவர் என்பது பொருள். அவையில் அமர்ந்தார்க்கு உரிய விகுதி, அவை மறைந்த பின்னும் மதிப்புக்குரியாரை விட்டு நீங்கவில்லை.

இப்பள்ளத்தாக்கின் மேற்கெல்லையில் மலை உளது; மலைக்கு அப்பாற் கேரளம். ஏலத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேலைக்காகத் தமிழ்மக்கள் தலைமுறை தலைமுறையாக மலையேறி வருகின்றனர். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தின்பாற் பட்டன. அங்குச் சென்ற தமிழரைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று ‘பாண்டி’. மலைக்குக் கிழக்கே உள்ள நாடு பாண்டிநாடு. அங்கிருந்து வந்தார் பாண்டிக்காரர். ஆக்கத்திற் பழுதில்லை, வரலாற்றிலும் பிழையில்லை. ஆயினும் அச்சொல் அங்கு இழிவுக் குறிப்போடு வழங்குவது மலையேறி மீண்ட எவரும் அறிந்ததே. 2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாற்று அணை பற்றிய பூசல் மூண்டு, குமுளி எல்லையிற் போக்குவரவு தடைப்பட்ட நாட்களில் அது வசைச்சொல்லாகவே நின்றது. இப்பால் ‘மலையாளத்தான்’ என்னும் சொல்லும் அந்நாட்களில் நல்ல பொருளில் வழங்கவில்லை என்பதையும் மறையாது கூறுதல் வேண்டும். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாக நாம் பெருமை பேசும் நாட்டின் பெயர், மலைக்கு அப்பாற் சென்றதும் வசையாகிறது. சென்னையில் அச்சொல்லுக்குப் பாண்டிச்சேரி என்றே பொருள்; அங்கு அதற்கு இழிவும் இல்லை, உயர்வும் இல்லை.

இழிவுப்பொருள் ‘காரன்’ என்னும் விகுதியால் வந்தது எனச் சிலர் எழுதுவர். அக்கருத்து நிரம்பியதன்று. பி.சி.பட்டிக்காரர் என்பதில் இழிவு யாதும் இல்லை. ‘பாண்டி’ என விகுதியின்றி நிற்கும்போதே இழிவு மிகுகின்றது. மலாய் மொழியிலும் இதற்கு நிகரான வழக்கு ஒன்று உண்டு. கலிங்கம் என்னும் பெயரடியாகப் பிறந்த ‘கெலிங்’ என்னும் சொல் தென்னிந்தியரை, அவருள்ளும் பெரும்பான்மையரான தமிழரைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிற்று. தொடக்கத்தில் அஃது ஒரு நாட்டு வணிகரின் பெயர். இருபதாம் நூற்றாண்டில் வசையாகக் கருதப்படலாயிற்று. அங்கும் விகுதி இல்லை. கடல் கடந்து வாணிகம் செய்தார் காலத்தில் வாராத இழிவு, தோட்டக் கூலிகளாய் மக்கள் சென்ற பின்னர் வந்து சேர்ந்தது. மலையின் மேலும் கடலின் அப்பாலும் இழிவின் வாயில் ஒன்றே: அயல்நிலத்திலிருந்து கூலிக்கு வந்தவர் என்னும் உறவு. இலக்கணம் இதற்குப் பொறுப்பன்று.

மலையாளி என்னும் சொல்லையும் ஈண்டே ஆராய்தல் தகும். வங்காளி, பஞ்சாபி, பீகாரி என்பவற்றோடு இதனை ஒருங்குவைத்து, இகர விகுதி வடபுலத்து வரவு என்பர். வங்காளி முதலியவற்றுக்கு அது பொருந்தும். மலையாளிக்குப் பொருந்துமா? கொல்லிமலை, சேர்வராயன்மலை, கல்வராயன்மலை, சவ்வாதுமலை ஆகியவற்றில் வாழும் பழங்குடியினரும் மலையாளி எனப்படுவர். அவர் பேசுவது தமிழ். அவர்க்கும் கேரளத்துக்கும் இப்பெயரால் யாதொரு தொடர்பும் இல்லை. மலையில் வாழ்வார் என்பதே பொருள். தொழிலாளி, கூட்டாளி, முதலாளி என்பனவற்றோடு நிற்பது இது. கேரளத்து மலையாளியும் இவ்வழியிற் பிறந்ததெனக் கொள்ளத் தடையில்லை. மலையாளம் என்பது முதலில் நாட்டின் பெயராய் இருந்து பின்னரே மொழிப்பெயர் ஆயிற்று.

இதற்கு மறுதலையாய் அமைந்தது தமிழர் என்னும் பெயர். அது மொழியடியாகப் பிறந்தது. தமிழகம், தமிழ்நாடு என நாட்டின் பெயரும் மொழியடியாகவே பிறந்தது. தலையாலங்கானத்துப் போரைக் கூறும் புறப்பாட்டொன்றில் தமிழ் என்னும் மொழிப்பெயரே ஆகுபெயராய்த் தமிழ்ப்படையைக் குறித்தது. இங்கிலாந்து என்பது ஆங்கிலர் என்னும் குடியினர் பெயரடியாக வந்த நாட்டுப்பெயர். அங்கு மக்கள் முன், நாடு பின். ஈண்டு மொழி முன், மக்களும் நாடும் பின்.

தம் பெயரைத் தாமே இட்டுக்கொண்ட மக்கள் உலகிற் குறைவு. வடுகர் என்பது வடக்கு என்னும் திசையடியாகத் தென்னவர் இட்ட பெயர். தெலுங்கர் தம்மை வடக்கர் எனக் கருதக் காரணமில்லை. குடவர் என்பதும் கிழக்கே நின்று நோக்குவார் இட்டதே. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியை இவ்வினப்பெயரோடு தொடர்புபடுத்த விரும்புவார் உளர். வடுகன் என்பது வைரவர்க்கும் பெயராதலின் அதனைத் துணிந்து கூறுதல் இயலாது. யவனர் என்னும் பெயர் கிரேக்கருள் அயோனியர் என்னும் ஒரு கிளையினர்க்கே உரியது. கீழ்த்திசையார் அதனைக் கிரேக்கர் அனைவர்க்கும் ஆக்கினர். தமிழிலோ மேலை நாட்டு வணிகர்க்கெல்லாம் பொதுவாயிற்று. அதுவே திரிந்து சோனகர் என்றாகி அரபியரையும் இசுலாமியரையும் குறித்தது. இலங்கையில் இன்றும் ஒரு மக்கட்பிரிவினர்க்கு அதுவே பெயர். பிராங்கு என்னும் ஐரோப்பியக் குடிப்பெயர் பாரசீக வாயிலாகப் பறங்கி ஆயிற்று. நம் பெயரும் இவ்வாறு அலைந்ததே. தமிழ் என்பது வடபுலத்தார் நாவில் தமிள, திரமிள, திராவிட எனத் திரிந்து, திராவிடர் எனப் புத்துருக்கொண்டு நம்மிடமே மீண்டது. 1944-இல் சேலத்திற் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர்மாறியது; 1949-இற் பிரிந்து தோன்றிய கட்சி திராவிட முன்னேற்றக் கழகம் எனப் பெயர்கொண்டது. முன்னதில் உள்ள ரகரவொற்று பின்னதில் இல்லை. மக்களைச் சுட்டும் அவ்வொற்று நீங்கவே, பெயர் இனத்தின் நீங்கி நிலத்தைத் தழுவிற்று என்பர். ஓர் ஒற்றின் பொருளைக் கற்பிக்க இதனினும் நல்ல சான்று வகுப்பறைக்குக் கிட்டாது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். நிலப்பெயரும் குடிப்பெயரும் மயங்கினால் விளைவது யாது? இலங்கை இதற்கு விடை கூறும். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலேயே அங்குள்ள தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு வகுப்பாயினர். மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்தவரும் அவர்தம் வழிவந்தாரும் அத்தீவிற் பிறந்தாராயினும் இந்திய என்னும் அடையைப் பெற்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் இலாலு பகதூர் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்க் கருதுவதென்றும் முடிவாயிற்று. எஞ்சியோரை 1974-இல் இரு நாடுகளும் செம்பாதியாகப் பகிர்ந்துகொள்ள இசைந்தன. இலங்கையில் நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் வந்தது.

நீலகிரியிலும் பிற இடங்களிலும் வந்து குடியேறிய அம்மக்களை இங்குள்ளார் யாது பெயரிட்டு அழைத்தனர்? சிலோன்காரர் என்றனர். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். எந்நாட்டிலும் அவர் அந்நாட்டுப் பெயரைப் பெற்றிலர். 1972-இல் அந்நாடு தன் ஆங்கிலப் பெயரை மாற்றிக்கொண்ட பின்னரும் சிலோன்காரர் என்னும் வழக்கு மாறவில்லை. தமிழில் அந்நாடு என்றும் இலங்கையே. அப்பெயர் கைவசம் இருப்பவும், இம்மக்களை மட்டும் ஆங்கிலேயர் வழங்கிய பெயராற் சுட்டியது ஆராயத்தக்கது. இலங்கையில் அவருட் பலர் தமக்கு விரும்பி ஏற்ற பெயர் மலையகத் தமிழர் என்பது. முன்னது தாம் உழைத்த நிலம்; பின்னது தம் மொழி. இரண்டனையும் தாமே தேர்ந்தனர். இலக்கண நெறியால் நோக்கினும் இது குறையற்ற ஆக்கம்.

மலாயாத் தமிழர் இச்சிக்கலை வேறு வகையால் தீர்த்தனர். 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவான பின்னர், மலாய் இனத்தாரை மலாய்க்காரர் என்றும் அந்நாட்டுக் குடிமக்கள் அனைவரையும் மலேசியர் என்றும் அவர்தம் இதழ்கள் எழுதி வருகின்றன. குடிக்கு ஒரு வடிவம், நிலத்துக்கு ஒரு வடிவம். உரையாசிரியர் காட்டிய நெறியே இது. அவர் அதனை நினைந்து செய்தாரல்லர். 1965-இல் தனிநாடான சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்குக் குடிமக்களைச் சிங்கப்பூரர் என்கின்றனர். தமிழ்நாட்டு இதழ்கள் இதனை ஏலாது சிங்கப்பூர்வாசி என எழுதுவது கண்டு வருந்துகிறேன். வாசி என்பது தங்கியிருப்பான் என்னும் அளவினது, உரிமை உணர்த்தாது. ஊரர் என்னும் ஈறு செவிக்குப் புதிதாயிருக்கிறது என்பது அவர் குறை. மருதத் தலைவனை ஊரன் என்பது சங்க மரபு. சுந்தரர் ஆரூரர் எனப்படுதல் சைவர் யாவரும் அறிந்தது. ஆரூர், ஆரூரர் ஆனாற்போலச் சிங்கப்பூர், சிங்கப்பூரர் ஆயிற்று. ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட வழக்கினைப் புதிது என்பது நம் மறதியே.

நம் மாநிலத்துள்ளும் இவ்வேறுபாடு வேண்டற்பாலதே. 1969 சனவரி 14 முதல் சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. அதன்பின் தமிழ்நாட்டார், தமிழர் என்னும் இரண்டும் ஒன்றென எழுதுவார் பெருகினர். கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டிற் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. சந்தையிலும் பள்ளியிலும் அவர் பேசுவது தமிழே. அவரைத் தமிழர் அல்லர் என விலக்குவதும், அவர்தம் வீட்டுமொழியை இல்லை எனக் கருதித் தமிழர் என்னும் ஒரு சொல்லுள் அடக்குவதும் ஆகிய இரண்டும் சொல்லின் எல்லையறியாப் பிழைகள். தமிழ்நாட்டார் என்பது நிலப்பெயர். அவர்க்கும் நமக்கும் எஞ்சாது உரியது. ஆர் விகுதியின் பழைய உரிமைப் பொருளும் அதில் உண்டு. ஆட்சித்துறை எழுத்துக்களிலும் பாடநூல்களிலும் நிலம் பற்றிப் பேசும் இடமெல்லாம் அச்சொல்லையே ஆளுதல் தக்கது.

பெண்பால் வடிவம் பற்றியும் ஒரு சொல். தமிழச்சி, சிங்களத்தி என உலக வழக்கிற் சில உண்டு. காரி என்பது எவ்வூரோடும் சேரும். இந்தியர், அமெரிக்கர் முதலியவற்றுக்கு ஒருமைப் பெண்பால் இல்லை. ‘இந்தியப் பெண்’ எனத் தொடராகவே சொல்லுகிறோம். பழந்தமிழ்க்கு இவ்வறுமை இல்லை. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியிற் கண்ணகி குடமலையாட்டி எனப்படுகின்றாள். அவள் புகாரிற் பிறந்தவள். அச்சொல் கேட்கும்போது குடமலையைக் கண்டிலள். பிறந்த நிலத்தால் அன்றிச் சென்று சேரும் நிலத்தாற் பெற்ற பெயர் அது. கூடலூரை அடுத்த மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநிலத்தாரும் ஏறிச் செல்கின்றனர்.

அண்மையில் நம் நாட்டிற் பரவியுள்ள ஒரு சொல்லைக் குறித்தல் வேண்டும். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் பீகார், சார்க்கண்டு, வங்கம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்து உழைப்பாரை ‘வடக்கன்’ என ஒரே பெயரால் அழைக்கின்றனர். ஆக்கத்தால் அது வடுகன் என்பதன் உடன்பிறப்பே: திசைப்பெயர், அதனோடு ஆண்பால் விகுதி. குறிப்பாலோ மலைக்கு அப்பால் வழங்கும் ‘பாண்டி’ என்பதற்கு இனமானது. வடபுலத்தில் நம்மவரையெல்லாம் மதராசி என்றபோது நாம் சினந்தோம். கேரளத்தில் இவ்வுழைப்பாளர் எந்நாட்டவராயினும் வங்காளி எனப்படுகின்றனர் என்று கேட்டு நகைக்கிறோம். இவருள் ஒடிசாவினின்று வந்தார்க்குத் தமிழில் ஒரு பழம்பெயர் உண்டு. குளம் தோண்டியும் கல் உடைத்தும் வாழ்ந்த ஒட்டர் என்பாரின் பெயர் அந்நாட்டுப் பெயராகிய ஒட்டிரத்தின் அடியாக வந்ததெனக் கருதுவர். அங்கும் நிலப்பெயர் தொழிற்பெயராய் இழிந்தமை காண்க. அந்நாட்டின் மற்றொரு பழம்பெயர் கலிங்கம். மலாயாவில் நம் முன்னோரை அந்நாட்டார் எந்நாட்டின் பெயரிட்டு இகழ்ந்தனரோ, அந்நாட்டிலிருந்து வந்தவனே இன்று பழனிசெட்டிபட்டிச் சாலையோரத்துக் கட்டடத்திற் செங்கல் சுமந்து வடக்கன் எனப்படுகின்றான்.